எறும்பு தொடாத குல்கந்து

வீட்டில் யாரும் பார்க்காதபோது தலைக்கு மை பூசிக்கொள்ளும் வயதுக்கு நாம் எல்லோரும் வந்துவிட்டோம். ஓசூரில் சிப்காட் பக்கம் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களாக இருந்தால் இன்னும் உரிமையோடு பேசலாம். கம்பெனி பஸ்ஸின் ஹாரனுக்கு எழுந்தவர்கள் நாம். செகண்ட் ஷிப்ட் அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதான் வெளிச்சத்தில் பார்த்தோம். எதிர்வீட்டில் தெலுங்கு, பின்வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் மதுரைத் தமிழ் என்று மூன்றிலும் திட்டு வாங்கினோம். இன்கமிங் கால் இலவசமானதை ஏதோ தீபாவளி போலப் பேசிக்கொண்ட அந்த நாட்களில் ஒரு மாசி, பங்குனி. நான் ஆறாம் வகுப்பு. அந்தப் பருவத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அம்மா பாகலூர் ரோட்டில் ஒரு ரோஜா கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி என்றால் கட்டடம் இல்லை, வெள்ளை பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய பூக்கூடாரங்கள். பாலிஹவுஸ் என்பார்கள். அம்மா பிறந்தது அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கே மழையும் அபூர்வம், பூவும் அபூர்வம். அதனால் எந்தப் பூவைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரே பேச்சுதான்.

"சாமி நம்மள மறக்கல, பாத்தியா."

சாக்கடை ஓரம் பூத்த ஊமத்தைக்கும் அதுதான், கம்பெனி கேட்டுக்கு வெளியே கொட்டிக் கிடக்கும் புங்கம்பூவுக்கும் அதுதான். அப்பா கிண்டல் செய்வார். "முருங்கை பூத்தாலும் சாமி, மூக்குத்திப்பூ பூத்தாலும் சாமி. எனக்கு ஓவர்டைம் மட்டும் மேனேஜர் குடுக்கறது." அம்மா கண்டுகொள்ள மாட்டாள். நாளைக்குச் சோறு உண்டு என்பதை வருஷா வருஷம் பூ வழியாகத்தான் சாமி சொல்லி அனுப்புகிறது என்பது அவள் கணக்கு. எனக்கும் அப்போது அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் எது பூத்திருந்தாலும் ஒரு நிமிஷம் நிற்பேன்.

ஒரு சனிக்கிழமை என்னையும் வேலைக்குக் கூட்டிப்போனாள். பூக்கூடாரத்துக்குள் வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. நிழல் என்பதே விழவில்லை. வரிசை வரிசையாக என் உயரத்துக்குச் செடிகள். ஒவ்வொரு மொட்டின் தலையிலும் ஒரு வெள்ளை வலை மாட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான மொட்டுகள் முகத்தை மூடிக்கொண்டு அசையாமல் நின்றன. கிட்டே போய் முகர்ந்தேன், வாசனை இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறொன்றும் உறைத்தது, அங்கே எந்தச் சத்தமும் இல்லை.

"ஏம்மா, தேனீயே இல்ல?"

"வந்தா பூ கெட்டுப்போகும்ல. அதுக்குத்தான் சுத்தி வலை போட்டிருக்காக."

மருந்து அடிக்கிற அண்ணன்கள் தூரத்தில் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பக்கம் மதியம் வரை யாரும் போகக்கூடாது என்று அம்மா என் கையை இழுத்துக்கொண்டாள். அதை அவள் மறைக்கவில்லை. தக்காளிக்கும்தான் மருந்து அடிக்கிறார்கள், கழுவிச் சாப்பிடவில்லையா என்பது லைன் வீட்டில் எல்லோருக்கும் பொதுவான நியாயம்.

பிப்ரவரி நடுவில் காதலர் தினம் முடிந்ததும் ரோஜாவுக்குக் கிராக்கி விழுந்துவிடும். செடிக்கு அது தெரியாது, அது பாட்டுக்குப் பூக்கும். பறித்த பூவை ஏற்ற லாரி வராது. கூடாரத்துக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி அதில் கொட்டுவார்கள். அந்தக் குழியை நான் பார்த்தேன். காலைப் பனி இன்னும் விலகவில்லை. குழி நிறைய சிவப்பு, அதிலிருந்து மெல்ல ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். மேலே சில்லென்றும் உள்ளே காய்ச்சல்காரன் நெற்றி போலச் சூடாகவும் இருந்தது. கையைச் சட்டென்று எடுத்துவிட்டேன். அங்கே சுற்றும் நாய்கள்கூட அந்தக் குழியைத் தள்ளித்தான் நடந்தன.

அம்மாவுக்கு வயிறு எரிந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு முழம் பூவுக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தவள் அவள். சூப்பர்வைசரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எவ்ளோ வேணுமோ அள்ளிக்கோம்மா, குழிக்குத்தானே போவுது," என்றார் அவர்.

கட்டைப்பை நிறைய ரோஜா வீட்டுக்கு வந்தது. அதே வாரம்தான் காவேரிப்பட்டினத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். சித்தி உண்டாகியிருக்கிறாள்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. கல்யாணம் வரைக்கும் எங்களோடுதான் இருந்தாள், எனக்குத் தலை பின்னிவிட்டது அவள் கைதான். காவேரிப்பட்டினத்தில் தேங்காய் மண்டி வைத்திருந்த சித்தப்பாவுக்குக் கட்டிக்கொடுத்தோம். இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. டாக்டர் என்னவோ சொன்னார். வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவுக்கு வந்தது வேறு: "உடம்புச் சூடு." சூட்டுக்கு எங்கள் அம்மா ஊரில் குல்கந்துதான் மருந்து. பன்னீர் ரோஜா இதழும் கற்கண்டும் அடுக்கடுக்காகப் போட்டு வெயிலில் வைத்து எடுப்பது. உண்டான செய்தியும் பை நிறைய ரோஜாவும் ஒரே வாரத்தில் வந்ததை அம்மா தற்செயல் என்று நினைப்பாளா?

"கேக்கறதுக்கு முந்தியே குடுத்திருச்சு, பாத்தியா," என்றாள்.

இதழ்களை ஆய்ந்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் கற்கண்டுப் பொடியோடு அடுக்கினாள். மொட்டைமாடியில் வெயிலில் வைத்தாள். எங்கள் மொட்டைமாடி எறும்புகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பளம் காயவைத்தால் வரும், வெல்லத்துக்கு வரும், பற்பசைக்கும் வரும். தண்ணீர்த் தட்டு நடுவில் வைத்தாலும் எப்படியோ வந்துவிடும். பாட்டில் வெளியெல்லாம் கற்கண்டு சிந்திப் பிசுபிசுத்தது. ஒரு எறும்புகூட வரவில்லை. நாள் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரோரம் வரிசையாக வரும், பாட்டிலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று சுற்றி வேறு பக்கம் போய்விடும்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. "சாமி காவக் காக்குதுடி," என்றாள்.

பாகு இறங்கியதும் எனக்கு ஒரு விரல் நக்கக் கொடுத்தாள். நல்ல இனிப்பு. கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துப்போனது. வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. அதையும் சொன்னேன். "குளிர்ச்சி அப்பிடித்தான் இருக்கும். உள்ள எறங்குறது தெரியுதுல்ல," என்றாள். நம் அம்மாக்கள் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். அந்த விளக்கங்களை நம்பி வளர்ந்தவர்கள்தானே நாமும்.

மாசிக் கடைசியில் சித்தி வந்தாள். நாலாம் மாதம். பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்து ஒரு கை வயிற்றின் மேலேயே இருந்தது. முன்னெல்லாம் வந்தவுடன் சமையல்கட்டில் எதையாவது உருட்டிக்கொண்டு பாட்டுப் பாடுவாள். இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஐந்தாம் மாதம் வரப்போகிறது என்ற பயம் வீட்டுக்குள் அவளோடு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அன்று வேலையிலிருந்து வரும்போது அம்மா நீளக் காம்போடு ஒரே ஒரு ரோஜா கொண்டுவந்தாள். கோல்டு ரூமில் கழித்துப்போட்டது, கருஞ்சிவப்பு. அம்மன் படத்துக்கு முன்னால் பித்தளைச் சொம்பில் தண்ணீர் ஊற்றி அதை வைத்தாள். "இது உனக்காக வச்சது," என்றாள் சித்தியிடம்.

அந்தப் பூ வாடவில்லை.

முதலில் யாருக்கும் அது தெரியவில்லை. சித்தி வந்து ஒரு வாரம் ஆன பிறகு, பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டுத் தெலுங்கம்மாதான் பார்த்தாள். "ஏமிக்கா, இது அன்னிக்கி வெச்ச பூவே தானா?" அம்மா ஆமாம் என்றதும் அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து லைன் வீட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி கற்பூரம், ஒருத்தி வெற்றிலை. எங்கள் ஒற்றை அறையில் வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பூவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாய் ஓயாத பெண்கள் அவர்கள். குழாயடியில் நின்றால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். இங்கே மூச்சு விடுவதுகூட அடங்கிக் கேட்டது.

எனக்கு மட்டும் அந்தப் பூவோடு ஒரே அறையில் இருக்கப் பிடிக்கவில்லை. ஒரு இதழ் உதிரவில்லை. ஓரம் கருகவில்லை. வாசனை என்ற ஒன்றும் அதற்கு இல்லை. நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அச்சு அசலாக அப்படியே இருந்தது. படுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இன்று எனக்குக் காரணம் தெரியும். வெளிநாடு போகிற ரோஜா வாடாமல் இருக்க அதன் காம்பு குடிக்கும் மருந்துத் தண்ணீரும் குளிர் அறையும் போதும். வேடிக்கை என்னவென்றால் அது அம்மாவுக்கும் தெரியும். அந்த வாளித் தண்ணீரைக் கலந்தவளே அவள்தான். ஆனால் விமானத்தில் போகும் பூ வாடாதது கம்பெனி செய்வது, சாமி படத்தின் முன்னால் வாடாதது சாமி செய்வது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவளுக்கு மட்டுமல்ல, அங்கே வந்து உட்கார்ந்த ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவர்களில் பாதிப்பேர் அதே கம்பெனியில் வேலை செய்தவர்கள்.

சித்தி மாறினாள். ஒருநாள் காலை எழுந்து முதலில் பூவைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டுத் தலை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்:

"அக்கா, இது வாடாத வரைக்கும் எம் புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுக்கா. எனக்குத் தெரியுது."

அம்மா போய்ச் சொம்புத் தண்ணீரை மாற்றினாள். சித்தி ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பாட்டில் குல்கந்து அவளோடு போனது. தினம் காலையில் ஒரு ஸ்பூன், பாலில் கலந்து. இன்னொரு பாட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது.

யுகாதி வந்தது. எதிர்வீட்டுத் தெலுங்கம்மா வேப்பம்பூ போட்ட பச்சடியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். வந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாது என்பது அம்மா ஊர் வழக்கம். கிண்ணத்தைக் கழுவி, இரண்டு ஸ்பூன் குல்கந்து போட்டுக் கொடுத்தாள். தெலுங்கம்மாவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகை அன்று எந்த இனிப்பு வந்தாலும் முதல் துளியை வேப்பமரத்தடி எறும்புப் புற்றுக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் வாயில் வைக்க வேண்டும். புற்றின் வாயிலேயே வைத்ததால் அவற்றுக்குச் சுற்றிப் போக வழி இருந்திருக்காது.

மதியம் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, கொஞ்சம் வா."

நானும் பின்னாலேயே போனேன். மரத்தடியில் வேப்பம்பூ பொலபொலவென்று விழுந்து கிடந்தது. மேலே கிளையெல்லாம் தேனீக்கள் இரைந்தன. கீழே, குல்கந்து வைத்த இடத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். கோலம் போட்டது போல் அவ்வளவு வட்டமாக இருந்தது. குனிந்து பார்த்தால் எல்லாம் எறும்புகள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. அது ஒரே இடத்தில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது.

"எனக்குச் சக்கர வியாதி, நான் தின்னல. புள்ளைங்களுக்கும் இன்னும் குடுக்கல," என்றாள் தெலுங்கம்மா. "யாருக்கும் சொல்லலக்கா. நீயே பாத்துக்கோ." சொல்லிவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளி அந்த வளையத்தை மூடினாள். எங்கள் பூவுக்கு முதலில் செருப்பைக் கழற்றியவள் அவள்.

அம்மா கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டே இருந்தாள். பிறகு உள்ளே வந்து அம்மன் படத்தின் முன் நின்றாள். பூ அப்படியே நிமிர்ந்து இருந்தது. சித்தியின் உதட்டை அவள் அப்போது நினைத்திருப்பாளோ, என் உதட்டை நினைத்திருப்பாளோ. என் முகவாயைப் பிடித்துத் தூக்கி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"செருப்பப் போடு," என்றாள்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து காவேரிப்பட்டினம். சூளகிரி தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் மாந்தோப்புகள் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா. அந்த வருஷம் பூ பிந்திப் பூத்திருந்தது. இலையே தெரியாமல் மரமெல்லாம் பூ. அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்து பஸ்ஸையே நிறைத்தது. எனக்குத் தெரிந்து கம்பெனிக்கு வெளியே அம்மா அவ்வளவு பூவை ஒரே இடத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். தோப்பு வந்தது, போனது, மறுபடி வந்தது. அவள் மடியில் கைகளைக் கோர்த்தபடி முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு அன்று முதன்முதலாகப் பயத்தைக் கொடுத்தது.

சித்தி வீட்டுத் திண்ணையில் அவள் மாமியார் புளி தட்டிக்கொண்டிருந்தார். சித்தி எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். கன்னம் பூசினாற்போல இருந்தது. பாட்டில் சாமி மாடத்திலேயே இருந்தது, கால்வாசி குறைந்திருந்தது.

"அந்தக் குல்கந்தக் குடுடி, எடுத்துட்டுப் போறேன்," என்றாள் அம்மா. "பாகு சரியா எறங்கல. புளிச்சிருக்கும்."

"புளிக்கலயேக்கா. இன்னைக்குக்கூடச் சாப்பிட்டேன். தேன் கணக்கா இருக்கு."

"வேற செஞ்சு தாரேன்."

"வேறல்லாம் வேணாம். அது அந்தப் பூ வந்த எடத்துப் பூவுல செஞ்சது."

புளி தட்டும் சத்தம் நின்றது. மாமியார் நிமிர்ந்தார். "குடுத்தத திருப்பிக் கேக்கறது எந்த ஊருப் பழக்கம்மா? எதாச்சும் இருந்தா வெளிப்படையாச் சொல்லு. ஏற்கனவே ரெண்டு போயிருக்குது இந்த வீட்ல."

அம்மா என்ன செய்வாள்? அது விஷம் என்று சொன்னால், விஷம் தின்றோம் என்ற பயமே சித்தியின் கருவைக் கலைத்துவிடும். அது நடக்காமல் போனாலும், அக்காக்காரி கொடுத்து அனுப்பியது என்ற பேச்சு அந்த வீட்டில் சித்தி சாகும்வரை தீராது. சொல்லாமல் போனால் நாளைக் காலை இன்னொரு ஸ்பூன். சித்தி மாடத்துப் பக்கம் நகர்ந்து பாட்டிலை எடுத்து முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பொம்மையைப் பிடுங்க வந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்களே, அப்படி.



"பூ வாடிப்போச்சுடி," என்றாள் அம்மா.

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். கிளம்பும்போது பூ எப்படி இருந்தது என்பதை நானும் பார்த்தவள்தான். சாமி விஷயத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கை என் தோளில் இருந்தது.

"நேத்து வாடிருச்சு. அது வந்த எடத்துப் பூவுல செஞ்சதையும் இனி வாயில வைக்கக் கூடாது. அது ஆகாது. குடுத்துரு."

சித்தி அம்மாவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. முகத்திலிருந்த பூரிப்பு மட்டும் ஓட்டை விழுந்த குடத்துத் தண்ணீர் போல இறங்கிக்கொண்டே போனது. பிறகு பாட்டிலை நீட்டினாள். அம்மா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மண்டிக்குப் போய்ச் சித்தப்பாவிடம் மட்டும் நாளைக்கே இவளை டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்குப் பூட்டு போட்டிருந்தோம். அப்பா செகண்ட் ஷிப்ட். சாவி அம்மாவிடம்தான். பொழுது இறங்கும் நேரத்தில் கதவைத் திறந்து லைட்டைப் போட்டாள்.

பூ தலை கவிழ்ந்து தொங்கியது.

இதழ் உதிரவில்லை. கழுத்து மட்டும் ஒடிந்தாற்போல மடிந்து, பூவின் முகம் வாசற்பக்கம் திரும்பியிருந்தது. நாங்கள் வருவதைப் பார்க்கத்தான் இந்தப் பக்கம் திரும்பியதோ என்று ஒரு கணம் எனக்குப் பட்டது. அம்மா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொன்னதக் கேட்டுருச்சுடி," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

வெட்டிய ரோஜாவுக்குக் கழுத்து ஒரே நாளில் ஒடியும் என்று பிற்பாடு எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லட்டும். அந்த அறையில் அன்று நின்றது நானும் அவளும்தான்.

இரண்டு பாட்டில்களையும் அம்மா புறம்போக்கில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து மேலே கல்லைப் போட்டாள். லைன் வீட்டுப் பெண்கள் பூவிலிருந்து ஆளுக்கு ஒரு இதழ் பிரசாதமாகக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. சாமியைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டாள் என்று குழாயடியில் வெகுநாள் பேசினார்கள். தெலுங்கம்மா மட்டும் எதுவும் பேசவில்லை.

டாக்டர் குழந்தைக்கு இதயத்துடிப்பு இருக்கிறது என்று சொன்னதாகச் சித்தப்பா போன் செய்தார். அது அம்மாவுக்குப் போதவில்லை. பொய்யாகச் சொன்னது மெய்யாகிவிட்டது, இனி சித்தி நம்பியதும் மெய்யாகிவிடும் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் மாதம் முழுக்க போன் அடித்தால் எடுக்க மாட்டாள். என்னை எடுக்கச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சித்தியும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சாப்பிட்டியா என்றால் "ம்", தூங்கினியா என்றால் "ம்". அக்கா மேல் இருந்த பாசம் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். கம்பெனிக்குப் போனாள், வந்தாள். வழியில் புங்கம் பூத்து முடிந்தது, வேம்பு பூத்து முடிந்தது, குல்மொஹர் பூத்துப் பற்றி எரிந்தது. ஒன்றுக்கும் அவள் வாய் திறக்கவில்லை.

அப்பா ஒருநாள் பழைய கிண்டலை எடுத்துவிட்டார். "என்ன, இந்த வருசம் சாமி உங்கிட்ட ஒன்னும் சொல்லலயா?" அம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு அவரும் கேட்கவில்லை.

ஆவணியில் குழந்தை பிறந்தது. கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை, நல்ல எடை, ஊரைக் கூட்டும் அழுகை. நாங்கள் போனபோது சித்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா அதை வாங்கிக்கொண்டு விரல், காது, உதடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. வார்டில் சுற்றி இருந்தவர்கள் சந்தோஷ அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அன்னைக்கு நான் கெளம்பும்போது பூ வாடலடி," என்றாள் அம்மா, தலை நிமிராமல். "ஒங்கிட்டப் பொய் சொன்னேன்."

"தெரியும்க்கா," என்றாள் சித்தி.

அம்மா நிமிர்ந்தாள்.

"தெரியுமா? தெரிஞ்சா இத்தன மாசம் ஏன்டி ஒரு வார்த்த சொல்லல? நான் செத்துப் பொழச்சேன்."

"சொன்னா, எதுக்குப் பொய் சொன்னன்னு நான் கேக்கணும். நீ சொல்லணும். கேக்க எனக்குப் பயமா இருந்துச்சு."

குழந்தை சிணுங்கியது. அம்மா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"பொய்யின்னு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

சித்தி அவளைப் பார்த்துக் களைப்பாகச் சிரித்தாள்.

"பூ நெசமா வாடியிருந்தா, நீ எங்கிட்டச் சொல்லியிருப்பியாக்கா?"